டபுள் அக்காவின் பஞ்சும் தட்டும்

தட்டைத் துடைத்தாகிவிட்டது. இப்போது பஞ்சைப் பிழிகிறார். பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் பஞ்சுதான். அதன் மேல் ஒரு கரண்டி நீல மை, பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு கரண்டி நீல மை. பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் முப்பது ஓட்டுநர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தட்டு ஆம்பளை, பஞ்சு பொம்பளை," என்கிறார் டபுள் அக்கா. "தட்டைத் துடைச்சேன். ஓரத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கு, அதனால தட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் சந்தோஷப்பட வேணாம். இப்ப பஞ்சைப் பாருங்க." பிழிகிறார், மை சொட்டுகிறது. மறுபடி பிழிகிறார், மறுபடி சொட்டுகிறது. மூன்றாவது பிழியலில் முன்வரிசை முழுக்கக் கால்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. "புழியப் புழிய வருதா? உள்ள பரப்பு அதிகம். விந்து உள்ளேயே ரொம்ப நேரம் தங்குது. கிருமியும் அதுலதான் கூடுதலா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் வேற விழும். ஒரே ஒரு தடவையைக் கணக்கெடுத்தா, ஆணுகிட்ட இருந்து பொண்ணுக்கு எச்.ஐ.வி. தொத்துற வாய்ப்பு, பொண்ணுகிட்ட இருந்து ஆணுக்குத் தொத்துறதைவிட ஏறக்குறைய டபுள்."

இந்த 'டபுள்' என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று கேள்வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருபத்திரண்டு வருடம். அதில் எத்தனை பஞ்சு நீலமானது என்று அவருக்கே தெரியாது.

பத்திரிகையிலிருந்து என்னை அனுப்பும்போது, "சுவாரசியமான பெண்மணி, இரண்டு நாள் கூடப் போய்ட்டு வாங்க," என்றார்கள். இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது. நான் கூச்ச சுபாவி. மருந்துக் கடையில் ஆணுறை வாங்கப் போய் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வரும் ஜாதி. இவரோ ஓடுகிற பேருந்தில், ஆறாவது வரிசைக்கும் கேட்கும் குரலில், "ஆணுறையை எப்பவும் நுனியைக் கிள்ளிப் பிடிச்சுதான் மாட்டணும், எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்பவர். எங்களைச் சுற்றி நான்கு இருக்கைகள் உடனே காலியாகும். "பாத்தீங்களா, எனக்கு எப்பவும் உக்கார இடம் கிடைச்சிடும்," என்று காலை நீட்டிக்கொள்வார்.

அவருடைய கைப்பையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பஞ்சு, தட்டு, மை பாட்டில், ஆணுறை மாட்டிக் காட்ட மரத்தில் கடைந்த உருவம், நூறு ஆணுறைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் மதியச் சாப்பாட்டு டப்பா. மை ஒழுகாத நாளில்லை. ஒரு நாள் சோறு இளநீலமாக இருந்தது. "கண்ணை மூடிக்கிட்டா வெள்ளைதான்," என்று சாப்பிட்டார். ஒரு தடவை பஞ்சை வீட்டில் மறந்துவிட்டுப் போய், ரொட்டித் துண்டையும் டீயையும் வைத்து விளக்கியிருக்கிறார். பேச்சு முடிவதற்குள் ஒரு நடத்துநர் பெண்ணாக வைத்த அந்த ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டார். "பசிச்சிருக்கும், பாவம். ஆனா உறிஞ்சுறதுன்னா என்னன்னு அந்தாளு மட்டும் மறக்க மாட்டாரு."

கூடவே வருபவர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அண்ணன். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். அக்கா பேசி முடித்ததும் இவர் மேசையை விரிப்பார். முதல் குத்து எப்போதும் அக்காவின் விரலில்தான். "வலிக்குதான்னு கேக்குறவங்களுக்காக," என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டுவார். ஒரு சொட்டு ரத்தம், ஒரு சோதனைப் பட்டை, பதினைந்து நிமிடம். ஒரு கோடு வந்தால் தொற்று இல்லை. இரண்டு கோடு வந்தால் இன்னும் இரண்டு சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். முடிவை ஆளைத் தனியே கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். தன்னுடையதை மட்டும் அக்கா எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார்.

அன்று பணிமனையில் பஞ்சு நன்றாகச் சொட்டியது, பேச்சும் எடுபட்டது. ஆனால் ஒருவரும் மேசைப் பக்கம் வரவில்லை. பின்வரிசையில் கைகுலுக்கல்கள் நடந்தன. ஒருவர் இன்னொருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏதோ சம்பள உயர்வு அறிவித்துவிட்டது போல இருந்தது அந்த அறை.

"என்னப்பா, என்ன விஷயம்?" என்றார் அக்கா.

எழுந்தவரை எல்லோரும் ஹாரன் என்று கூப்பிடுகிறார்கள். காலிச் சாலையிலும் ஹாரன் அடிக்கிற ஓட்டுநர். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அக்கா, நீங்க சொன்னது தெளிவா புரிஞ்சிடுச்சு. அவங்களுக்கு டபுள்னா நமக்குப் பாதி. சரிதானே? என் வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். போன வாரம்தான் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. டபுளா வர வேண்டியவளுக்கே வரல, பாதி ஆளு எனக்கு எங்க இருந்து வரும்? அவ டெஸ்ட்டுதான் என் டெஸ்ட்டு."

அறை மொத்தமும் "அதானே" என்றது. அத்தனை பேரும் மனைவியைக் காட்டித் தங்களுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது சரியான கணக்காகத்தான் பட்டது.

அக்காவின் முகம் சிவந்தது. "ஒரு தடவையில தொத்துற வாய்ப்பு சின்னதுதான்யா. பொண்டாட்டிக்கு இன்னும் வரலைன்னா, உனக்கு இல்லைன்னு அர்த்தமில்ல. இன்னும் வரல, அவ்வளவுதான். உன் பஸ்ஸுல பின்சீட்டு ஆளு இன்னும் கீழ விழலைங்கறதுக்காக பிரேக்கு நல்லா இருக்குன்னு வண்டி எடுப்பியா? பிரேக்கைத்தானே பாப்ப? இப்ப, வயித்துல குழந்தை இருக்கும்போது அவளுக்கு வந்தா குழந்தைக்கும் போகும். உனக்கு இருக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு. ஒழுங்கா போட்டு, ரத்தத்துல கிருமியே தெரியாத அளவுக்கு அடக்கிட்டா, உன்கிட்ட இருந்து அவளுக்குப் போகாது. மூணு பேரும் நல்லா இருக்கலாம்."

நல்ல பதில். பிரேக் என்றதும் சிலர் தலையாட்டினார்கள். ஆனால் ஹாரன் சும்மா பெயர் வாங்கவில்லை. "எல்லாம் சரிக்கா. உங்க வீட்டுக்காரர் டெஸ்ட்டு எடுத்திருக்காரா?"

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை போலும். அக்கா பஞ்சை எடுத்து மறுபடியும் பிழிய ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு இதுதான் சிக்கல். லேப் அண்ணன் மேசை விரிப்பின் மடிப்பை நீவ ஆரம்பித்தார்.

"அவரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் ஹாரன் ரொம்ப மரியாதையாக. "அவர் உக்காரட்டும். பக்கத்து நாற்காலியில நான் உக்காருறேன். சத்தியமா."

வெளியே டிக்கெட் கவுண்டரில் ஒரு பெண் எங்களை நிறுத்தினாள். கவுண்டருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஏழு மாத வயிறு, ஹாரனின் மனைவி. டாக்டர் கணவனையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். "நான் கேட்டா 'என் மேல சந்தேகமா'ன்னு ரெண்டு நாள் சாப்பிட மாட்டாருக்கா. அதுக்கு மேல கேக்க முடியல. தூரத்து ரூட்டு, வாரத்துல மூணு நாள் வெளியதான் தங்குறாரு. எனக்குப் பயமா இருக்கு. எப்படியாவது உக்கார வெச்சுடுங்க."

"வெச்சுடறேன்மா," என்றார் அக்கா. அந்த வாக்கைக் காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி அவருடைய கணவர்.

கணவர் எலக்ட்ரீஷியன். பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்பவர். நல்ல மனுஷர், ஷாக்குக்குப் பயப்பட மாட்டார், ஊசிக்குப் பயப்படுவார். அன்று மாலை நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துபோய் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கையில் கிடைத்தது அக்காவின் பழைய பஞ்சு. எல்லாத் தட்டுகளும் நீலமாயின. திரும்பாமலே சொன்னார்: "நீதான் வாரத்துக்கு ஒரு தடவை விரலைக் குத்திக்கிறியே. உனக்கு ஒண்ணும் இல்ல. டபுள் உனக்குத்தான். அப்ப எனக்கு எதுக்கு? உன் டெஸ்ட்டுதான் என் டெஸ்ட்டு."

ஹாரன் சொன்ன அதே வரி, 'அவ' மட்டும் 'உன்' ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அக்கா கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிய பாடத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டு, மனுஷர் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தாரோ.

அடுத்த நான்கு நாள் கூத்தை என்னவென்று சொல்வது. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஜுரம். தெர்மாமீட்டர் வந்ததும் ஜுரம் போய்விட்டது. புதன்கிழமை விரலில் அடிபட்டுவிட்டது என்று பெரிதாகக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னும் ஒம்போது இருக்கே," என்றார் அக்கா. வியாழக்கிழமை, தூங்கும்போது குத்திவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் பேனா மூடி தானாக மூடிக்கொண்டது. "சம்மதம் இல்லாம ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அதை எடுத்தா நான் இவ்வளவு நாள் பேசினது எல்லாம் குப்பை."

அன்று திரும்பும் பேருந்தில்தான் முதல் தடவையாக அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். சுற்றிலும் இருக்கைகள் நிரம்பியிருந்தன. "நான் ஒருநாளும் அவரைக் கேட்டதே இல்ல தெரியுமா. மாசத்துல பத்து நாள் வெளியூர் வேலைக்குப் போறவரு. கேட்டா, நான் அவரைச் சந்தேகப்படுறேன்னு ஆயிடும். ஊர்ப் பொம்பளைங்ககிட்ட எல்லாம் 'கேளுங்க, கேக்குறது தப்பில்ல, உங்களுக்குத்தான் ரிஸ்க்கு டபுள்'னு தொண்டை வத்தக் கத்துறேன். என் வாயில வரல. அதுக்குப் பதிலா வாரா வாரம் என் விரலைக் குத்திக்கிறேன். வலிக்குதான்னு காட்டுறதுக்காகன்னு சொல்றதெல்லாம் சும்மா."

நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன். பிறகு அவரே, "எழுதுங்க, எழுதத்தானே வந்தீங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. அடுத்த நாள் பணிமனையில் மறுபடியும் பரிசோதனை முகாம். கணவர் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய கூடத்தில், ஏணியின் உச்சியில் நின்று விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இன்னும் ஒரு படி ஏறினார். அதற்கு மேல் படி இல்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

"இறங்குங்க," என்றார் அக்கா.

"விசிறி பாதியில நிக்குது."

"அரை மணி நேரமா அதே திருகைத்தான் முறுக்கிட்டு இருக்கீங்க."

மேலே திருகு முறுக்கும் சத்தம் நின்றது. அக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மிரட்டுவார், கெஞ்சுவார், ஹாரனின் மனைவி கதையைச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். எதுவும் இல்லை. "ஏங்க," என்றார், சின்னக் குரலில். "அந்தப் பொண்ணுக்காக மட்டும் கேக்கல. எனக்கே பயமா இருக்குங்க. ரொம்ப வருஷமா."

மனுஷர் கீழே குனிந்து அவரைப் பார்த்தார். திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்ததும் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "இத நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றார். அந்த விசிறி அன்று மாட்டப்பட்டதா என்று தெரியாது.

சனிக்கிழமை ஓய்வறையில் இடமில்லை. முப்பது பேர் வரவேண்டிய இடத்தில் ஐம்பது பேர். நடத்துநர்கள், மெக்கானிக்குகள், டீ விற்பவர் எல்லோரும் வந்துவிட்டார்கள். இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் கணவர், சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்க வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஹாரன் வாசலில் நின்று, "வண்டி எடுக்கணும், நேரமாச்சு," என்று ஒரு முறை முயன்றார். டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு வந்திருந்த மனைவி, வயிற்றோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். போக வழியில்லை. வந்து உட்கார்ந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வலிக்குமா சார்?" என்றார் ஹாரன் மெதுவாக. "நானும் முதல் தடவைதான்," என்றார் கணவர். லேப் அண்ணன் இருவர் விரலையும் ஒரே நேரத்தில் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே சுருதியில் "அம்மா" என்றார்கள். கூட்டம் கைதட்டியது.

பதினைந்து நிமிடம். அக்கா ஹாரனையும் மனைவியையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் ஹாரன் வெளியே வந்தார். "ஒண்ணும் இல்ல," என்று அவரே எல்லோருக்கும் அறிவித்தார், ஏதோ கஷ்டப்பட்டுப் படித்துப் பாஸானவரைப் போல. "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணுமாம். போங்கடா, போய் உக்காருங்க. எல்லாரும் பிரேக்கைப் பாருங்க." மனைவி பின்னால் வந்து, அறை மூலையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டாள். அவள் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குள் மேசை முன்னால் வரிசை நின்றுவிட்டது. "என்ன, பத்திரிகைக்காரரே," என்றார் அக்கா என்னைப் பார்த்து. "பேனா புடிக்கிற விரல்லயும் ரத்தம் வரும்." நான் ஏழாவது ஆளாக நின்றேன்.

மேசையில் கணவருடைய பட்டை அப்படியே கிடந்தது. அக்கா மை பாட்டிலைத் துடைத்தார், வரிசையைச் சரிசெய்தார், ஜன்னலைத் திறந்தார், மறுபடி மூடினார். மேசைப் பக்கம் மட்டும் போகவில்லை.

"அக்கா," என்றார் லேப் அண்ணன். "நேரம் தாண்டினா செல்லாது."

"உள்ள போய்ப் பேசலாமா?" என்று கணவரைக் கேட்டார் அக்கா. தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்ற விதியை அவர் தன் வீட்டு ஆளுக்காகவும் மீறவில்லை.

"இங்கயே சொல்லச் சொல்லு. எனக்கு என்ன ஒளிவுமறைவு," என்றார் கணவர்.

ஆயிரக்கணக்கான பட்டைகளைப் படித்தவர், அதைப் படிக்கவில்லை. "நீங்களே பாருங்கண்ணே," என்று லேப் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வகுப்பில் தண்டனை கொடுத்து நிற்கவைத்த பிள்ளையைப் போல, நெற்றி சுவரில் படும் அளவுக்கு.

லேப் அண்ணன் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினார். "ஒரு கோடு," என்றார். பிறகு அன்றைய கணக்கில் மிச்சமிருந்த இரண்டு வார்த்தையையும் செலவழித்தார். "நல்லாத்தான் இருக்காரு."

அக்கா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே வலது கையை மட்டும் பின்பக்கம் நீட்டினார், உள்ளங்கை மேலே தெரிய. கணவர் அந்தக் கையைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், தண்ணீர் பாட்டிலை எடுத்து அதில் வைத்தார். அக்கா அதை வாங்கி, திரும்பாமலே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையை மறுபடியும் பின்னால் நீட்டினார்.